மூன்று வயதுப் பையனும் ஓர் ஆள்தான்

கேள்வி: மவுண்டன் ஹவுஸில் வீடு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்கு வேலை வடக்கு சான் ஹோசேயில். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஆபீஸுக்குப் போயே ஆக வேண்டும். 205, 580 ஃப்ரீவேக்கள், லிவர்மோரில் இறங்கி 84, அப்புறம் 680 என்று போகிறேன். சில நாள் ஒரு மணி நேரம் ஆகிறது, சில நாள் இரண்டு மணி நேரத்தைத் தொடுகிறது. மூன்று வயது மகனின் டேகேர் மில்பிடாஸில், என் ஆபீஸுக்குப் பக்கம். மூத்தவள் இங்கே பள்ளி முடிந்ததும் காப்பகத்தில் இருக்கிறாள். அவளை மாலை ஆறு மணிக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். கணவருக்கு ஸ்டாக்டனில் ஷிஃப்ட் வேலை. மின்சாரக் கார் என்பதால் கார்பூல் லேனில் போக எங்களுக்கு இருந்த ஸ்டிக்கர் சலுகை போனதிலிருந்து சாதாரண லேனிலேயே போகிறேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா, சன்னிவேலில் வேலை பார்ப்பவர், சேர்ந்து போகலாமா என்று கேட்கிறார். கார்பூல் லேனில் போனால் உண்மையிலேயே சீக்கிரம் போக முடியுமா? பணத்தை எப்படிப் பேசுவது? ஒரு நண்பர், "ஸ்விட்சை மூன்றிலேயே வைத்துக்கொள், யாரும் பார்ப்பதில்லை" என்கிறார். என் கணவரோ, "அந்த லேனையும் எல்லாருக்கும் திறந்துவிட்டால் நெரிசலே இருக்காது" என்கிறார். பி.கு.: குழந்தை கணக்கில் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பி.கு. போட்டுக் கடைசியாகக் கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். வரும். கேலிபோர்னியாவில் காருக்குள் இருக்கும் குழந்தை ஒரு முழு ஆள். மூன்று வயதுப் பையனும் சரி, பிறந்து ஒரு வாரமே ஆன கைக்குழந்தையும் சரி, கார் சீட்டில் முறைப்படி உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கையில் சேரும். வயிற்றில் இருக்கும் குழந்தை மட்டும் இங்கே சேராது.

அப்படியென்றால் நீங்கள் ஏற்கெனவே இரண்டு பேர் கொண்ட கார்பூல்தான். உங்கள் வழியில் வரும் 580, 680 இரண்டிலும் கார்பூல் லேன் என்பது எக்ஸ்பிரஸ் லேன்தான், அதாவது தனி ஆளும் டோல் கட்டிப் போகக்கூடிய லேன். அதில் இரண்டு பேர் இருந்தால் டோல் கிடையாது. ஸ்டிக்கர் போனதிலிருந்து பின் சீட்டில் பையனை வைத்துக்கொண்டே பக்கத்து லேனில் நின்று நின்று போயிருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இதை யாராவது உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் வேலையாக ஃபாஸ்ட்ராக் ஃப்ளெக்ஸ் டேக் ஒன்று வாங்குங்கள். காரில் எத்தனை பேர் என்று டோல் அமைப்புக்குச் சொல்கிற, ஸ்விட்ச் உள்ள சின்னக் கருவி அது. பாலத்து டோலுக்கென்று முன்பு எல்லாரும் வாங்கிய, ஸ்விட்ச் இல்லாத பழைய டேக் இதற்கு உதவாது. அது இருந்தால் காரில் தனி ஆள் என்றே அமைப்பு எடுத்துக்கொண்டு முழு டோல் பிடிக்கும். ஃப்ளெக்ஸ் டேக்கில் 1, 2, 3+ என்று மூன்று நிலை உண்டு. வண்டியை எடுக்கும் முன்பே சரியான எண்ணில் வைத்துவிட வேண்டும். ஓட்டிக்கொண்டே கையை நீட்டி மாற்றுகிற வேலை வேண்டாம். டேக் எதுவும் இல்லாமல் போனால் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். உள்ளே நான்கு பேர் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

உங்கள் வழியில் இந்த லேன் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். வீட்டிலிருந்து கிளம்பி 205-ல் ஏறி, 580-ல் சேர்ந்து, ஆல்டமான்ட் கணவாயின் ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறீர்களே, அந்த இடத்தில் கார்பூல் லேனே கிடையாது. உங்கள் பயணத்தில் மிகவும் படுத்துகிற பகுதி பெரும்பாலும் அதுதான். அங்கே காரில் எத்தனை பேர் இருந்தாலும் ஒன்றும் மாறாது. காற்றாலைகள் சுற்றுவதைப் பையனுக்குக் காட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மலையிறங்கி லிவர்மோருக்குள் நுழைகையில், கிரீன்வில் ரோடு பக்கம் 580-ன் எக்ஸ்பிரஸ் லேன் தொடங்குகிறது. நீங்கள் 84-க்காக இஸபெல் அவென்யூவில் இறங்குவதால் அதில் சில மைல்தான் போவீர்கள். 84-ஐக் கடந்து 680-ல் ஏறியதும் தெற்கு நோக்கிய எக்ஸ்பிரஸ் லேன் கிடைக்கும். அது மில்பிடாஸில் 237 வரை சுமார் 14 மைல். 2010-ல் வடக்குக் கேலிபோர்னியாவில் முதன்முதலாகத் திறந்த எக்ஸ்பிரஸ் லேன் அதுதான். உங்களுக்கு உண்மையான லாபம் அந்த 14 மைலில்தான்.

எவ்வளவு லாபம்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 680-ல் நெரிசல் நேரத்தில் சாதாரண லேன் மணிக்கு 25 மைல் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் 14 மைலுக்கு 34 நிமிடம் ஆகும். எக்ஸ்பிரஸ் லேன் 45 மைல் வேகத்தில் போனால் 19 நிமிடம். மிச்சம் 15 நிமிடம். 45 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. தனி ஆட்களையும் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற இப்படிப்பட்ட லேனில், நெரிசல் நேரத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு நேரமாவது சராசரி வேகம் 45 மைலுக்குக் குறையக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. குறைந்தால் அந்த லேனை நடத்துகிறவர்கள் ஏதாவது செய்தாக வேண்டும். டோலை ஏற்றலாம், இரண்டு பேர் என்பதை மூன்று பேர் ஆக்கலாம், சலுகைகளை நிறுத்தலாம்.

சரி, 15 நிமிடம் பெரிய விஷயமா? நல்ல நாளில் இல்லை. நல்ல நாளில் ஐந்து நிமிட வித்தியாசம்கூட இருக்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி வேறு. "சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம்." எந்த நாள் எது என்று தெரியாததால்தானே தினமும் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிவைத்துக்கொண்டு, இருட்டிலேயே குழந்தையை எழுப்புகிறீர்கள்? இருபது வருடத்துக்கு மேல் போக்குவரத்துப் பொறியாளனாக இருந்து நான் கற்றுக்கொண்டதில் மற்றவர்களுக்குச் சொல்லத் தோன்றுவது இதைத்தான்: இந்த லேனில் நேரம் மிச்சமாவதைவிட, நேரம் நிச்சயமாவதுதான் பெரிய லாபம். மோசமான நாளின் நீளம் குறைகிறது. ஆறு மணிக்குக் காப்பகத்தில் உங்கள் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், உங்களுக்குத் தேவையானது சராசரி நேரம் அல்ல. "எவ்வளவு மோசமாகப் போனாலும் இவ்வளவுக்குள் வந்துவிடுவேன்" என்ற உறுதிதான்.

மாலையில் திரும்பும்போது 680-ல் வடக்கு நோக்கிய லேன் ஃப்ரீமான்ட்டில் ஆட்டோ மால் பார்க்வே பக்கம் தொடங்கி 84 வரை வரும். அப்புறம் லிவர்மோரைக் கடக்கும்வரை 580-ன் கிழக்கு நோக்கிய லேன். அதன் பிறகு ஆல்டமான்ட் ஏற்றத்தில் மறுபடியும் எல்லாரோடும் ஒன்றாகத்தான். அதனால் மாலையில் கிளம்பும் நேரத்தை இந்த லேனை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். இப்போது நாலே காலுக்குக் கிளம்புகிறீர்கள் என்றால், எக்ஸ்பிரஸ் லேனில் போகத் தொடங்கிய பிறகும் நாலே காலுக்கே கிளம்புங்கள். கிடைக்கிற நிமிடங்களை நிம்மதிக்காக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் மீட்டிங்குக்குக் கொடுத்துவிட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அந்தத் தவற்றைப் பல மாதம் செய்தேன்.

இனி அந்த அக்கா விஷயம். பையன் இருக்கும் நாட்களில் 580, 680-க்கு அவர் இல்லாமலே உங்களுக்கு இடம் உண்டு. பிறகு அவர் எதற்கு? மூன்று காரணம் சொல்வேன். பையனுக்குக் காய்ச்சல் வரும் நாளில், அல்லது கணவருக்கு லீவு கிடைத்து அவன் வீட்டிலேயே இருக்கும் நாளில், இரண்டாவது ஆள் அவர்தான். அடுத்தது, அவர் இறங்க வேண்டிய சன்னிவேலுக்கு மில்பிடாஸிலிருந்து 237-ல் போக வேண்டும். அங்கே விதி வேறு. 237, 880, 101 எக்ஸ்பிரஸ் லேன்களில் மூன்று பேர் இருந்தால்தான் இலவசம், இரண்டு பேருக்குப் பாதி டோல். மூன்றாவது காரணம் செலவு. தினம் 80 மைல் ஓடுகிற காருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். காலையில் நீங்கள், அக்கா, பையன் என மூன்று பேராகக் கிளம்பி ஸ்விட்சை 3+ல் வைக்கிறீர்கள். மில்பிடாஸ் டேகேரில் பையனை இறக்கிவிடுகிறீர்கள். அந்த நொடியிலிருந்து காரில் இரண்டு பேர்தான். அங்கிருந்து 237-ல் ஏறி அக்காவை சன்னிவேலில் விடப் போனால் ஸ்விட்ச் 2-க்கு வந்திருக்க வேண்டும். அவரையும் இறக்கிவிட்டுத் தனியாக ஆபீஸுக்குத் திரும்பும்போது 1. இது மறந்துபோகிற காரியம்தான். அதனால் பையனின் சீட் பெல்ட்டைக் கழற்றும் முன் ஸ்விட்சைத் தொடுவது என்று ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் சன்னிவேல் வரை போகவே கூடாது என்பது என் கருத்து. மில்பிடாஸிலிருந்து நெரிசலில் சன்னிவேல் போய்த் திரும்பினால், 680-ல் சம்பாதித்த 15 நிமிடமும் போய், கையிலிருந்தும் கொஞ்சம் போகும். விடிஏ லைட் ரயிலின் ஆரஞ்சு லைன் மில்பிடாஸ் வழியாக, வடக்கு சான் ஹோசேயைத் தாண்டி, சன்னிவேல் பக்கமாக மவுண்டன் வியூ வரை போகிறது. அக்காவின் ஆபீஸ் அந்தப் பாதைக்கு அருகில் இருந்தால், உங்கள் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு நிலையத்தில் அவரை இறக்கிவிடலாம். மாலையிலும் அதே இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இதை முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நாலாவது வாரம் மனசுக்குள் புழுங்குவதைவிட முதல் நாள் ஒரு நிமிடம் சங்கடப்படுவது மேல்.

கார்பூல்கள் எப்படி முறிகின்றன என்பதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். ட்ரேசியில் குடியிருந்த காலத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போனோம். பணத்தில் ஒரு தகராறும் வரவில்லை. பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. ஆனால் ஐந்தாவது மாதம் கலைந்துபோனோம். காரணம் ஐந்து நிமிடம். ஒருவர் தினமும் ஐந்து நிமிடம் தாமதமாக வருவார். மன்னிப்பும் கேட்பார், நல்ல மனிதர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் கெடுத்தது. ஒவ்வொருவராக "இந்த வாரம் எனக்கு வேறு வேலை" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு வேறு இரண்டு பேரோடு சேர்ந்தபோது ஒரே ஒரு விதி வைத்தோம்: குறித்த நேரத்துக்கு மேல் மூன்று நிமிடம் பார்ப்போம், அப்புறம் கிளம்பிவிடுவோம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கார்பூல் ஆறு வருடம் நீடித்தது. மூன்று நிமிட விதியை நாங்கள் உண்மையில் பயன்படுத்தியது இரண்டே தடவைதான்.

உங்களுக்கு ஒரு வசதி, அக்கா அதே தெருவில் இருக்கிறார். வழி சுற்ற வேண்டியதில்லை. வேறு ஊர்களிலிருந்து எழுதும் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்று ஏற்றிக்கொள்ள நினைக்காதீர்கள். சுற்றுவதற்கு ஐந்து நிமிடம், காத்திருக்க நான்கு நிமிடம் என்றால் 15 நிமிட லாபத்தில் ஒன்பது போய்விட்டது. ஃப்ரீவே ஓரத்துப் பார்க் அண்ட் ரைடில், அதாவது காரை நிறுத்திவிட்டுச் சேர்ந்து போவதற்கான இடத்தில், சந்தித்தால் போதும்.

ஒன்று மட்டும் அக்காவிடம் கட்டாயம் கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தையோடு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்ய அவருக்குச் சம்மதமா? அவன் பாட்டுக் கேட்பான், சில நாள் அழுவான், ஒரு நாள் வாந்தி எடுப்பான். அவர் காரில்தான் மீட்டிங்கில் பேசுகிறவர் என்றால் இது ஒத்துவராது, அதில் யார் தவறும் இல்லை. யார் கார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. கார் சீட்டைத் தினம் கழற்றி அவர் காரில் மாட்டுவது நடக்கிற காரியம் இல்லை, அவசரத்தில் சரியாகவும் மாட்டப்படாது. குழந்தை வருகிற நாளெல்லாம் உங்கள் கார்தான். ஓட்டும் பாரத்தை முறைவைத்துப் பகிர முடியாது, பணமாகத்தான் பகிர வேண்டியிருக்கும்.

பணப் பேச்சு. நம்மவர்களுக்கு இது வாயில் வராத பேச்சு என்று தெரியும். ஆனால் பேசாமல் விட்டால் அவர் ஒரு நாள் ஸ்வீட் பாக்ஸ், ஒரு நாள் பையனுக்குப் பொம்மை என்று கொண்டுவர ஆரம்பிப்பார், நீங்கள் பதிலுக்கு ஏதாவது செய்ய, அது இருவருக்கும் பாரமாகிவிடும். கணக்கை வைத்துப் பேசினால் கூச்சம் குறையும். போக 40, வர 40, ஒரு நாளைக்கு 80 மைல் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் மூன்றரை மைல் போனால் 23 யூனிட். இரவில் வீட்டில் சார்ஜ் செய்து யூனிட்டுக்கு 30 சென்ட் ஆனால் கிட்டத்தட்ட ஏழு டாலர். இது குறைந்தபட்சக் கணக்கு. டயர், தேய்மானம், காப்பீடு எல்லாம் சேர்த்த கணக்கு வேண்டுமென்றால், வருமான வரித் துறை 2025-ல் தொழில் பயணத்துக்கு மைலுக்கு 70 சென்ட் என்று வைத்தது. அதன்படி 80 மைலுக்கு 56 டாலர். ஏழில் பாதி கேட்டால் உங்கள் காரின் தேய்மானத்தை நீங்களே சுமக்கிறீர்கள். 56-ல் பாதி கேட்டால் அவர் தனியாகவே போய்விடலாம் என்று நினைப்பார், அதுவும் நியாயம்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாளுக்குப் பத்து டாலர் என்று ஒரு முழு எண்ணைச் சொல்லி, மாதக் கடைசியில் வந்த நாட்களை எண்ணி வாங்கிக்கொள்வேன். அன்றன்றைக்குக் கைமாற்ற வேண்டாம்.

செலவைப் பகிர்வது ஒன்று, லாபத்துக்கு ஆள் ஏற்றுவது வேறு. முதலாவதைச் சாதாரணக் கார் காப்பீடு பொதுவாக ஏற்றுக்கொள்ளும், இரண்டாவதை ஏற்காது. உங்கள் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, "தெருவில் இருப்பவரோடு செலவைப் பகிர்ந்து வேலைக்குப் போகிறேன்" என்று அதே வார்த்தைகளில் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கேலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000 என்று உயர்ந்திருக்கிறது. இன்னொரு வீட்டுப் பெண்மணியைத் தினம் ஏற்றிக்கொண்டு 580-ல் போகிற காருக்கு இந்தக் குறைந்தபட்சம் போதவே போதாது. உங்கள் பாலிசி எவ்வளவு என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். கார்பூல் விதியை மீறினால் கேலிபோர்னியாவில் அபராதம் குறைந்தது 490 டாலர். யாரும் பார்ப்பதில்லை என்பதும் சரியல்ல. ஸ்விட்ச் எந்த எண்ணில் இருக்கிறது என்று பல இடங்களில் டோல் கருவிக்கு மேலே உள்ள விளக்கு காட்டும். ஓரத்தில் நிற்கும் ஹைவே பேட்ரோல் அதிகாரி அதையும் பார்க்கிறார், காருக்குள்ளும் பார்க்கிறார். ஆனால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. லேனில் எத்தனை கார் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை டோல் ஏறி இறங்குகிறது. காசு கட்டாமல் பொய் எண்ணில் நுழைகிற ஒவ்வொரு காரும் லேனை நிரப்புகிறது, உண்மையாகக் கட்டுகிறவருக்கு டோலை ஏற்றிவிடுகிறது. அளவு மீறிப் போனால் இரண்டு பேருக்கு இலவசம் என்பதையே எடுத்துவிட்டு மூன்று ஆக்குவார்கள். அன்றைக்கு நஷ்டப்படுவது உங்களைப் போல ஒரு தாயும் குழந்தையுமாகப் போகிறவர்கள்தான்.

ஸ்டிக்கர் போன கதையும் இதே வகைதான். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது. அதற்கு அனுமதி தந்த கூட்டாட்சிச் சட்டத்தின் காலம் முடிந்து, நீட்டிக்கப்படவில்லை. மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இப்போது அந்த லேனில் முன்பைவிடக் கொஞ்சம் இடம் இருக்க வாய்ப்புண்டு. பையனோடு போகும் உங்களுக்கு அதன் பலன் சேரும்.

உங்கள் கணவரின் கருத்தை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். நெரிசலில் நிற்கும்போது பக்கத்து லேனில் இடைவெளி விட்டுவிட்டுக் கார்கள் போவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். புனலில் அரிசியைக் கொட்டிப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். நிதானமாகக் கொட்டினால் சீராக இறங்கும். மொத்தமாகக் கவிழ்த்தால் அடைத்துக்கொள்ளும், முழுதும் இறங்க அதிக நேரம் பிடிக்கும். ஃப்ரீவே லேனும் அப்படித்தான். சீராக ஓடும்போது ஒரு லேன் மணிக்குச் சுமார் 2,000 கார்களைக் கடத்திவிடும். அதற்கு மேல் திணித்தால் வேகம் உடைந்து, கடத்துகிற எண்ணிக்கையும் குறைந்துவிடும். அந்த லேன் காலியாகத் தெரிவதற்குக் காரணம் கார்கள் வேகமாகக் கடந்துபோவதுதான். கார்களை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினால் படம் மாறும். மணிக்கு 1,400 கார்கள், காருக்கு இரண்டு பேர் என்றால் 2,800 பேர். பக்கத்து லேனில் 1,800 கார்கள், பத்தில் ஒன்பதில் ஓட்டுநர் மட்டும், ஒன்றில் இரண்டு பேர் என்றால் 1,980 பேர்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை, செய்தும் பார்த்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 10-ஆம் எண் ஃப்ரீவேயில் எல் மான்டி பஸ்வே என்ற லேன் 1973-ல் பஸ்களுக்காகத் திறக்கப்பட்டது. பிறகு மூன்று பேர் இருக்கும் கார்களையும் விட்டார்கள், நன்றாகவே ஓடியது. "இவ்வளவு காலியாக இருக்கிறதே, இரண்டு பேர் போதும் என்று ஆக்கினால் என்ன?" என்று சட்டமே போட்டு, 2000 ஜனவரி 1 முதல் திறந்துவிட்டார்கள். காலை நெரிசல் நேரத்தில் 65 மைல் அளவில் ஓடிய லேன் 20 மைல் அளவுக்குப் படுத்துவிட்டது. அதிலும் கவனிக்க வேண்டியது, பக்கத்து லேன்களின் வேகமும் கூடவில்லை. நூற்றுக்கணக்கான பஸ் பயணிகள் வேலைக்குத் தாமதமானார்கள். அதே வருடம் ஜூலையில் நெரிசல் நேரத்துக்கு மட்டும் மூன்று பேர் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கணவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் 80, 287 இரண்டு நெடுஞ்சாலைகளிலும் இருந்த கார்பூல் லேன்களை 1998-ல் எடுத்தே விட்டார்கள். சேர்ந்து போகிறவர்கள் போதுமான அளவு இல்லாத இடத்தில் லேனை மட்டும் ஒதுக்கிவைத்தால் மக்களுக்குக் கோபம்தான் மிஞ்சும். 680 அப்படிப்பட்ட இடம் இல்லை.

ஓட்டுவதில் ஒரு எச்சரிக்கை. இந்த லேனில் பயப்பட வேண்டியது உங்கள் வேகத்துக்கு மட்டும் அல்ல, வேக வித்தியாசத்துக்கு. நீங்கள் 60-ல் போகிறீர்கள், வலதுபக்க லேன் நின்றுகொண்டிருக்கிறது. பொறுமை இழந்த ஒருவர் திடீரென்று உங்கள் முன்னால் மூக்கை நீட்டுவார். பக்கத்து லேன் முழுக்க நிற்கும்போது நான் 45-ஐத் தாண்டமாட்டேன். பின்னால் வருகிறவர் விளக்கடித்தாலும் சரி. இரட்டைக் கோடு இடைவெளியில்லாமல் இருக்கும் இடத்தில் தாண்டவே கூடாது, விட்டுவிட்டு வரும் கோட்டில்தான் நுழையலாம், வெளியேறலாம். இஸபெல் எக்ஸிட்டுக்கும் 237-க்கும் ஒரு மைலுக்கு முன்பே வெளியே வரத் தொடங்குங்கள். கடைசி நேரத்தில் நான்கு லேனை வெட்டிக்கொண்டு போவதைவிட அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்புவது எவ்வளவோ மேல். இஸபெல்லில் இறங்குவது சிரமமாக இருந்தால், காலையில் 580-ன் அந்தச் சில மைலை விட்டுவிட்டு 680-ல் மட்டும் எக்ஸ்பிரஸ் லேனை எடுங்கள். பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்கள்.

நடுவில் டேகேரிலிருந்து போன் வந்தால் என்ன செய்வது? நீங்கள் ஓட்டுவதால் உங்களுக்குக் கவலை இல்லை, அக்காவுக்குத்தான் கவலை. பையனைக் கூட்டிக்கொண்டு நீங்கள் மதியம் கிளம்பிவிட்டால் அவர் எப்படி வீடு திரும்புவார்? இதற்கும் முதலிலேயே ஒரு வழி சொல்லிவையுங்கள். உங்கள் சான் வாகீன் கவுண்டியில் குடியிருந்து கார்பூலிலோ ரயிலிலோ வேலைக்குப் போகிறவர்களுக்கு, அவசரத்தில் வீடு திரும்பும் செலவுக்கு உதவுகிற 'டிப்ஸ்' (dibs) என்ற திட்டம் இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், இருவரும் இந்த வாரமே செய்துவிடுங்கள். ஏஸ் ரயிலும் ஒரு வழி. சான்டா கிளாராவில் கிரேட் அமெரிக்கா நிலையத்தில் ஏறினால் ட்ரேசியில் இறங்கலாம். மாலையில் சில ரயில்கள்தான், நேரத்தை அக்கா போனில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

ஒரேயடியாக மூன்று நாளும் சேர்ந்து போகத் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் புதன்கிழமை மட்டும் போய்ப் பாருங்கள். செவ்வாயும் வியாழனும் பையனோடு நீங்களாகவே எக்ஸ்பிரஸ் லேனில் போங்கள், ஸ்விட்ச் 2-ல். வீட்டை விட்ட நேரம், டேகேர் வாசலைத் தொட்ட நேரம், மாலையில் மகளிடம் வந்து சேர்ந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தத் தாளை அக்காவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு மற்ற இரண்டு நாளைப் பற்றி முடிவெடுக்கலாம். முடிந்தால் எனக்கும் அதை அனுப்புங்கள். ஆல்டமான்ட்டில் எவ்வளவு நேரம் போகிறது என்று பிரித்துப் பார்த்து, நீங்கள் கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்பின் மாற்றினால் பையன் இன்னும் கொஞ்சம் தூங்க முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.